புளி கரைக்கத் தெரிந்தால் அறையும் அமைக்கலாம்

மரம் வரையச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் பழுப்புத் தண்டு ஒன்றும் அதன்மேல் பச்சைச் சுருளும் போட்டு முடித்துவிடுவார்கள். வாசலில் நிற்கும் வேம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அதே குழந்தையிடம், “நீ தூங்குற ரூமுக்குள்ள வேப்பமரத்தடி வரணும், ஆனா மரம் வரையக் கூடாது” என்று சொல்லுங்கள். நிழல் எப்படி விழும், வெளிச்சம் எந்தப் பக்கம், எங்கே உட்காருவது என்று கேள்விகள் கிளம்பும். ஓவியப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அது நடக்கும் விதம் ரசம் வைப்பவர்களுக்குப் பழகியதுதான்.

முதலில் புளி ஊற வேண்டும். ஊறாத புளியை எவ்வளவு பிசைந்தாலும் சாறு இறங்காது. குழந்தைக்கு ஊறுவது என்பது நிதானமாகப் பார்ப்பது. தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கூப்பிடு தூரம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். கரையோரம் குழந்தையை நிறுத்தி, நீலத் தாழைக்கோழியைப் பார்க்க விடுங்கள். உடம்புக்குப் பொருந்தாத நீள விரல்கள்; கோரைத் தண்டை ஒற்றைக் காலால் பிடித்துத் தூக்கித் தின்னும். போன் பையிலேயே இருக்கட்டும். படம் எடுத்த கையோடு பார்ப்பது நின்றுவிடுகிறது.

அடுத்தது பிழிவது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம். கொட்டையும் நாரும் கையில் நிற்க, சாறு மட்டும் பாத்திரத்தில் இறங்க வேண்டும். ஒரு பனையோலையைக் கையில் கொடுத்து, “இதுல எதை எடுத்துட்டா இது பனை இல்லாம போயிடும்?” என்று கேளுங்கள். பச்சை நிறம் போனாலும் பனைதான். காய்ந்த ஓலை பழுப்பாகத்தானே இருக்கிறது. மட்டையின் கருக்கு போனாலும் பனைதான். ஒரே இடத்தில் கிளம்பி விசிறியாக விரியும் மடிப்புகள் போனால்தான் பனை போய்விடுகிறது. இதைக் கண்டுபிடித்த குழந்தை காகிதத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடும். விளக்கு மூடியா, கட்டில் தலைமாட்டா என்பதெல்லாம் பிறகு.

இந்தப் பிழிதலுக்கு நம்மிடம் பழைய சாட்சி உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் சமணக் குடைவரை ஓவியங்கள். முன்மண்டபத்து விதானத்தில் தாமரைக் குளம்: மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே தண்ணீர்! உள்ளே கருவறை விதானத்தில் கட்டங்களும் வட்டங்களும் தாமரைகளும் கோத்த கம்பள வடிவம். முன்னே குளமாக இருந்த பூ, உள்ளே கோலமாகிவிட்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

கரைசல் கெட்டியாக இருந்தால் குடிக்க முடியாது. தண்ணீர் சேர்க்க வேண்டும். அறையில் அந்தத் தண்ணீர், வெறுமையாக விட்ட சுவர். நாலு சுவரிலும் இலை, கூரையில் வானம், தரையில் புல் என்று குழந்தை நிரப்பத்தான் பார்க்கும். எந்தச் சுவரைச் சும்மா விடலாம் என்று குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சோதிக்க, குக்கர் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி போதும். ஒரு அங்குலத்தை ஒரு அடி என்று வைத்துக்கொண்டால், பத்து அங்குலப் பெட்டி பத்தடி அறை. அதே கணக்கில் ஆறடி ஆளையும் அட்டையில் வெட்டி உள்ளே நிறுத்த வேண்டும். அந்த ஆள் நின்றதும், தான் வரைந்த இலை கதவைவிடப் பெரிது என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஜன்னலை வெட்டி, பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கிழக்கே ஒருமுறை, மேற்கே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மாலை நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியே வரும் வெயிலில் வெளிர் நிறங்கள் அடிபட்டுப்போகும். நிறத்தை ஒளிதான் தீர்மானிக்கிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இது நன்றாக உறைக்கும்.

நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிடுகிறோம். கொதித்தால் சுவை போய்விடும். இங்கே பெரியவர்களின் வேலை அந்த நேரத்தைக் கவனிப்பதுதான். அவர்கள் பிரஷ்ஷைக் கையில் எடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் கொடியும் ஸ்டிக்கர் பட்டாம்பூச்சியும் வாங்கி ஒட்டவும் கூடாது. அழகாகிவிடும்தான், ஆனால் குழந்தை பிழிந்த சாறு அதில் காணாமல் போகும்.

கடைசியில் தாளிப்பு: ஒரே ஒரு அழுத்தமான நிறம், ஓரிடத்தில் மட்டும். தாழைக்கோழியின் அலகில் இருக்கும் சிவப்பைத் தலையணை உறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாதவர்கள் திரைச்சீலையில் தொடங்கலாம். பழைய வெள்ளை வேட்டி, துணிக்கான பெயின்ட், நடுநரம்பின் ஓரம் வெட்டிய பனையோலைத் துண்டே அச்சு. பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு துணியின் பின்பக்கம் இஸ்திரி போட்டு மாட்டினால் துவைத்தாலும் நிறம் நிற்கும், வீடு மாறும்போது அறையும் கூடவே வரும்.