வரைபடத்துக்குள் வழி தெரிதல்

கணினியில் வரையும்போது தாளின் அளவுக்கு எதையும் சுருக்குவதில்லை. பத்து மீட்டர் சுவர் பத்து மீட்டராகவே பதிவாகும். சுருக்கம் அச்சிடும்போதுதான் வருகிறது. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையை வரைந்தால், பல கிலோமீட்டர் சாலையும் அதிலுள்ள சிறுபாலத்தின் 12 மில்லிமீட்டர் கம்பியும் ஒரே கோப்பில் இருக்கும். சாலை முழுதும் தெரிந்தால் கம்பி தெரியாது. கம்பியை நெருங்கினால் எந்தப் பாலம் என்பதே மறந்துபோகும். வரைபவரின் நேரத்தை அதிகம் தின்பது இந்தத் தேடல்தான்.

கணியம்பாடியில் சித்தூர்–கடலூர் சாலையோரம் உள்ள கணாதிபதி துளசிஸ் ஜெயின் பொறியியல் கல்லூரியைப் போல அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் முதலாண்டிலேயே பொறியியல் வரைகலை பாடமாக உண்டு. பலகையில் தாளை விரித்துப் பழகிய மாணவருக்குத் திரை குறுகலாகவே தோன்றும். கோடும் வட்டமும் போடக் கற்பிக்கும்போதே, படத்துக்குள் நகரவும் கற்பிப்பது நல்லது.

1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருந்தது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் வரைவு மென்பொருளில் இன்று அந்த வேலையை மவுஸ் சக்கரம் செய்கிறது. சக்கரத்தை உருட்டினால் கர்சர் இருக்கும் இடத்தை நோக்கிப் படம் பெரிதாகும். ஆகவே கர்சரை முதலில் பாலத்தின் மேல் வைத்துவிட்டு உருட்ட வேண்டும். சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்தால் படம் நகரும். இருமுறை அழுத்தினால் முழுப் படமும் திரைக்குள் வந்துவிடும். உருட்டியும் படம் அசையாமல் நின்றால், 'ஆர்ஈ' (RE) என்று தட்டி என்டர் அழுத்த வேண்டும். மென்பொருள் படத்தை மறுபடி கணக்கிட்டு வழிவிடும்.

முழுப் படத்தை அழைத்தால் வெறும் புள்ளி மட்டும் தெரிவதும் உண்டு. நில அளவையில் பயன்படும் யூ.டி.எம். முறையில் வடக்குத் தூரம் நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படுகிறது. கணியம்பாடிக்கு அது ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். யாரோ தவறுதலாகச் சுழியப் புள்ளியில் போட்ட ஒரு சிறு கோடு போதும், அந்தத் தூரம் முழுவதையும் திரை காட்ட முயலும், சாலை கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிவிடும். அந்தக் கோட்டைத் தேடி அழித்தால் சரியாகிவிடும்.

நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்துவது பெயரிட்ட காட்சி. 'வியூ' கட்டளையில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால், அடுத்த முறை உருட்டித் தேடாமல் பெயரைச் சொல்லி நேரே அங்கே போகலாம். பலர் ஒரே கோப்பில் மாறிமாறி வேலை செய்யும் அலுவலகங்களில் இதைச் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு.

படத்தின் கோடுகளை வகை பிரித்து வைக்கும் லேயர்களில் தேவையற்றவற்றை வெறுமனே அணைப்பதைவிட 'ஃப்ரீஸ்' செய்து உறைய வைப்பது மேல். உறைந்த லேயரை மென்பொருள் மறுகணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் கனமான கோப்பும் வேகமாக நகரும். அச்சுத்தாளில் படத்தைக் காட்டும் சாளரமான வியூபோர்ட்டைப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நுழைந்து சக்கரத்தை உருட்டும்போது 1:100 என்று வைத்த அளவு கலைந்துவிடும். தாளிலிருந்து தாளுக்குப் போகக் கன்ட்ரோலுடன் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளும், திறந்திருக்கும் கோப்புகளுக்கிடையே மாறக் கன்ட்ரோலுடன் டேப் விசையும் உதவும்.