கயிறு இழுத்தும் ஓடாத ஜெனரேட்டர்



2023-ஆம் வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக் கொண்டார்கள். வாசுதேவநல்லூரில் எங்களுக்கு அந்த அளவு சேதம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் எங்கள் பஜாரில் கரண்ட் இல்லை. சுற்றுக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள், ரோடு அடைபடுவதற்குள் சரக்கு எடுத்துப் போக வேண்டும் என்று நனைந்து கொண்டே வந்து நிற்கிறார்கள். அரிசி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் பவுடர், பிஸ்கட். எலெக்ட்ரானிக் தராசில் சார்ஜ் இல்லை, பில் மிஷின் கிடையாது, கிட்டங்கிக்குள் கை தெரியாத இருட்டு.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். பையன் கயிற்றை இழுத்தான். இழுத்தான், இழுத்தான், நாற்பது தடவைக்குக் குறையாது. கடைசியில் கயிறு வெடுக்கென்று திரும்பி அவன் மணிக்கட்டு பிசகியதுதான் மிச்சம். இரண்டு வியாபாரிகள், "அண்ணாச்சி, பொழுது போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூலையில் கிடந்த பழைய தட்டுத் தராசைத் துடைத்து, சிட்டையில் கையால் எழுதித்தான் மற்றவர்களை அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு மெக்கானிக் வந்தார். கார்பரேட்டருக்கு அடியில் ஒரு திருகைத் தளர்த்தி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். அடியில் தண்ணீர் போல ஒரு படிவு, மேலே மங்கிய பெட்ரோல், வார்னிஷ் மாதிரி ஒரு வாடை. "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. பெட்ரோலைத்தான் கெட வச்சிருக்கீங்க" என்றார். எண்ணெயும் பருப்பும் கெடாமல் வைத்து விற்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் நமது பக்கம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் கரண்ட் இல்லாமல் கடை நடத்தினோமே, அப்போது இதே மிஷின் இரண்டாவது இழுப்பில் ஓடியது. தினமும் ஓடியதால் பெட்ரோல் தங்கவில்லை. பிறகு மின்வெட்டு குறைந்தது. மிஷின் சாக்குப் போர்த்திக் கொண்டு தூங்கியது. போதாததற்கு, இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022-இல் நூற்றுக்குப் பத்து என்று இருந்தது, 2025-இல் இருபதுக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காரும். இன்ஜினுக்குப் போகும் குழாய் டேங்கின் அடியிலிருந்துதானே போகிறது!

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு முற்றத்துப் புல்லை வெட்ட, மேலே உட்கார்ந்து ஓட்டும் சிறு வண்டி வைத்திருக்கிறார்கள். அதிலும் இதே மாதிரி காற்றில் குளிரும் பெட்ரோல் இன்ஜின்தான். பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த வண்டியை வெயில் வந்ததும் எடுத்து ஓட்டப் போனால் ஓடாது. அங்கேயும் மெக்கானிக் முதலில் பார்ப்பது பழைய பெட்ரோலைத்தான்.

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. இந்த மூன்றில் எது வரவில்லை என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன், மெக்கானிக் அல்ல. அன்று அவர் பக்கத்தில் நின்று பார்த்ததையும் பிறகு நானே செய்து பழகியதையும்தான் எழுதுகிறேன்.

கயிற்றைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சிரிக்காதீர்கள், பெட்ரோல் காக்கைத் திறக்காமலே இழுத்தவர்கள் நம்மில் உண்டு. இன்ஜின் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா, லைட்டு, பிரிட்ஜ் வயர்களைக் கழற்றிவிட்டோமா என்று பாருங்கள். லோடு ஏற்றிக் கொண்டே ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக்கை மூட வேண்டும். சற்று முன் ஓடிச் சூடாக இருந்தால் திறந்தே வைக்க வேண்டும். டேங்க் மூடியில் காற்றுப் போகும் சிறு துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் இறங்காது. பிறகு இன்ஜின் ஆயில். பல மிஷின்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியையே நிறுத்திவிடும் ஏற்பாடு இருக்கிறது. மிஷின் சரிவான இடத்தில் இருந்தாலும் அது ஆயில் இல்லை என்று நினைத்துக் கொள்ளும். சமதரையில் வைத்து அளவு பாருங்கள். எங்கள் பஜாரில் ஒருவர் புது காயில் வாங்கப் புறப்பட்டுவிட்டார். கடைசியில் கால் லிட்டர் ஆயில் ஊற்றியதும் ஓடியது.

இதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் உலர்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஒன்று தீப்பொறி இல்லை, அல்லது சோக்கை மூடியபடியே இழுத்து இழுத்து உள்ளே மூழ்கடித்துவிட்டோம். மூழ்கியிருந்தால் பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக்கைத் திறந்து வைத்து இழுத்தால் பெரும்பாலும் பிடித்துக் கொள்ளும். கரி அப்பியிருந்தால் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதுசு போடுங்கள். முனை இடைவெளி முக்கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். தீப்பொறி பார்க்க, பெட்ரோல் காக்கை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலைந்த பின், பிளக்கை அதன் மூடியில் சொருகி இரும்புப் பகுதியை இன்ஜினில் படவைத்து இழுக்க வேண்டும். நீலமாகப் பொறி தெரிய வேண்டும். புது பிளக் போட்டும் பொறி இல்லை என்றால், அதற்கு மேல் நமது வேலை இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிளக் உலர்ந்திருந்தால் நேரே கார்பரேட்டருக்கு வாருங்கள். காக்கை மூடி, அடித்திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீரோ துருவோ கெட்ட வாடையோ இருந்தால் டேங்கையும் முழுதாகக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஜெட்டின் துளை அடைத்திருக்கும். ஊசியாலோ கம்பியாலோ குத்த வேண்டாம். துளை பெரிதானால் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சையும் கழற்றிப் பாருங்கள். மாவு, மிளகாய்த் தூள் விற்கும் கடையில் அது எந்த நிறத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய மாடல் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்தும் போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். கரண்ட் வந்ததும் பையன் சட்டென்று சுவிட்சை அணைத்துவிடுவான். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த இன்ஜின் மறுநாள் அதில் ஸ்டார்ட் ஆகாது.

அந்தத் திங்கட்கிழமைக் கதை இன்னும் முடியவில்லை. மிஷின் ஓடியதும், மழையில் நனைகிறதே என்று நானே கிட்டங்கி வாசலுக்குள் இழுத்து வைக்கச் சொன்னேன். ஷட்டர் பாதி திறந்துதான் இருந்தது. அரை மணி நேரத்தில் உள்ளே உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்த கணக்குப்பிள்ளை, தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். எழுந்தவர் அப்படியே மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். மெக்கானிக் கிளம்பாமல் டீ குடித்துக் கொண்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முதலில் மிஷினை நிறுத்தினார், பிறகு இருவருமாக அவரைத் தெருவுக்குத் தூக்கி வந்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து மாலையில் அனுப்பினார்கள். இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும் என்ற என் எண்ணம் தவறு. மிஷின் வெளியில்தான் இருக்க வேண்டும், மேலே ஒரு தகரச் சாய்ப்பு போட்டு, புகைக்குழாய் கதவுக்கும் ஜன்னலுக்கும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி. வியாபாரம் போனதற்கு வருந்திக் கொண்டிருந்தவனுக்கு, அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்ற போது வேறு எதுவும் நினைவில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஜெனரேட்டர் வயரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் சொருகிக் கடை முழுக்க எரிய விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் பின்னோக்கி லைனுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியர் உயிர் போகும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் கடையில் மாதம் முதல் தேதி பேரேடு பார்க்கும் அன்றைக்கே, கரண்ட் இருக்கும் போதே, பையன் மிஷினை வெளியில் வைத்துப் பதினைந்து நிமிடம் லைட்டும் பேனும் போட்டு ஓட்டுகிறான். பிறகு பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுகிறான். கார்பரேட்டரில் சொட்டுக்கூடத் தங்காது. டேங்கில் ஒரு லிட்டருக்கு மேல் வைப்பதில்லை, மிஞ்சிய பழசை அவனுடைய டூவீலரில் ஊற்றிக் கொள்கிறான் (அதில் அவனுக்குச் சந்தோஷம்). ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றுகிறோம். பிளக் ஸ்பேனர், ஒரு புது பிளக், டார்ச் லைட் மூன்றும் ஒரு பையில் போட்டு மிஷின் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. தட்டுத் தராசை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போடவில்லை; துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.