களிமண் புறாவும் மலிவுத் துப்பாக்கியும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைத் தரிசித்துவிட்டு ஜெயங்கொண்டத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தோம். நண்பர் முந்திரித் தோப்பு உடையவர். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவருடைய தகப்பனார் காலத்தில் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று அந்த வீட்டில் உண்டு. சாப்பாடு முடிந்து திண்ணையில் அமர்ந்ததும், கல்லூரியில் படிக்கும் அவருடைய புதல்வர் நம்மிடம் ஒரு விண்ணப்பத்தை வைத்தார்.

"அமெரிக்காவிலே சாமான்யக் குடும்பத்தார்கூட விலை மலிவான பம்ப் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுகளைச் சுட்டு விளையாடுகிறார்களாமே! நம் ஊரில் மட்டும் ஏன் கூடாது? நீங்கள்தான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், ஐயா."

"துப்பாக்கி என்ன பம்பரமா, விளையாடுவதற்கு?" என்றார் தகப்பனார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தபடியால், உடனே தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம் என்று இருவருக்கும் சமாதானம் கூறினோம். அந்த ஆராய்ச்சியின் பலனே இக்கட்டுரை.

இந்த விளையாட்டின் பிறப்பு அவ்வளவு புண்ணியமானதன்று. முற்காலத்தில் இங்கிலாந்துச் சீமான்கள் உயிருள்ள புறாக்களைக் கூண்டில் அடைத்து வைத்து, திடீரெனத் திறந்துவிட்டுச் சுடுவார்கள். 1900-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்தபோதுகூட நூற்றுக்கணக்கான புறாக்கள் இவ்வாறு பலியாயின. ஆனால் மனிதனுடைய மனச்சாட்சி அதற்கு முன்பே விழித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. முதலில் புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகளை வீசிப் பார்த்தார்கள். பிறகு 1880-ம் ஆண்டில் லிகௌஸ்கி என்னும் அமெரிக்கர் களிமண்ணால் தட்டுச் செய்து பறக்கவிடும் முறையைக் கண்டுபிடித்தார். புறா பிழைத்தது, பெயர் மட்டும் "களிமண் புறா" என்று நிலைத்துவிட்டது.

இன்று அந்தத் தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியையும் ஒருவகைக் கீலையும் கலந்து வார்க்கிறார்கள். குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை சுமார் 105 கிராம். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர்ச் சீமையில் இதைக் கேட்பவர்களுக்குப் புன்னகை உண்டாகாமல் இராது. மூலப்பொருள் நம் காலடியிலேயே கிடக்கிறது!

இனி, துப்பாக்கியைக் கவனிப்போம். பம்ப் துப்பாக்கிக்குக் குழல் ஒன்றுதான். அதன் அடியில் மற்றொரு சிறு குழாயில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். முன்கையால் பிடித்திருக்கும் கட்டையைப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். ஜான் பிரௌனிங் என்னும் மேதையின் அமைப்பிலிருந்து 1897-ல் வந்த வின்செஸ்டர் துப்பாக்கி இந்த வகைக்குப் புகழ் தேடித் தந்தது. 1950-ல் வந்த ரெமிங்டன் 870-ம், 1961-ல் வந்த மாஸ்பெர்க் 500-ம் இதை எளியவர் கைக்கும் எட்டச் செய்தன. உறுதியானது, விலை குறைவானது, எளிதில் பழுதாகாதது. இத்தனை குணங்களும் சேர்ந்திருப்பதால் அமெரிக்கக் குடியானவர் வயலோரத்தில் தட்டெறிந்து விளையாட அதுவே போதுமானதாயிருக்கிறது.

ஒலிம்பிக் முறையிலான போட்டிக்கு வாருங்கள். சுடுபவருக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் பதினைந்து யந்திரங்கள் மறைந்திருக்கின்றன. அவர் குரல் கொடுத்த கணமே ஏதோ ஒன்றிலிருந்து தட்டு சீறிக் கிளம்புகிறது. எத்திசையில் போகும் என்பது அவருக்குத் தெரியாது. 24 கிராம் ரவை அடங்கிய 12 போர்த் தோட்டாவால், தட்டு இருக்கும் இடத்தை அல்ல, அது போய்ச் சேரப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். தவறினால் இன்னொரு குண்டு உண்டு. தகுதிச் சுற்றில் இவ்வாறு 125 தட்டுகள். ஆகையால் வீரர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழல் துப்பாக்கியையே நாடுகிறார்கள். அதன் விலை பல லட்சம் ரூபாய். நம் வாலிப நண்பருக்கு வருத்தம் தரும் செய்தி இனிமேல்தான் வருகிறது. சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் விதிகள் பம்ப் துப்பாக்கியைப் போட்டியில் அனுமதிப்பதில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், பரதேச ஆட்சி நம்மை நிராயுதபாணிகளாக்கிய சட்டம். அந்த அவமானத்தை மறவாமல்தான், 1931-ம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளில், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம் பெற்றது. சுதந்திர பாரதம் 1959-ல் இயற்றிய சட்டம் துப்பாக்கியை அடியோடு விலக்கவுமில்லை. தாராளமாக அவிழ்த்து விடவுமில்லை. உரிமம் பெற வயது 21 நிரம்ப வேண்டும். குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பயிரைக் காக்கத் தகப்பனார் பெயருக்குக் கொடுத்த உரிமம் மகனுடைய விளையாட்டுக்குச் செல்லாது. 1966-ல் அஸ்திவாரமிட்ட திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் பம்ப் துப்பாக்கியும் தயாராகியிருக்கிறது. ஆயினும் உரிமமின்றி அதைத் தொட முடியாது. அது சரியே என்பதுதான் நம் அபிப்பிராயம். ஆயுதம் மலிந்த தேசங்களில் நிகழும் துயரங்களைப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

அப்படியானால் இது ராஜாக்களுக்கு மட்டும் உரிய விளையாட்டா? நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஐந்து ஒலிம்பிக் விளையாட்டுக்களில் கலந்துகொண்டார். நமக்கு அருகிலுள்ள புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜொராவர் சிங் சந்து ஆகியோருடன் குழுவாகத் தங்கம் வென்றார். மறு வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். தமிழர் யாவரும் பெருமை கொள்ளத்தக்க சாதனை இது.

ஆனால் அதே ஹாங்சௌவில், அதே நாளில், வெள்ளி வென்ற நமது பெண்கள் குழுவைப் பாருங்கள். ஒருவர் ராஜேஸ்வரி குமாரி. 1978-ல் இதே விளையாட்டில் ஆசியத் தங்கம் வென்ற ரண்தீர் சிங்கின் புதல்வி. மற்றொருவர் மனீஷா கீர். போபாலில் மீன் பிடித்துப் பிழைப்பவரின் மகள். மூன்றாமவர் பிரீதி ரஜக். இடார்சியில் சலவைக் கடை நடத்துபவரின் மகள். ராணுவத்தில் சேர்ந்து சுபேதார் பதவிக்கு உயர்ந்தவர். அரச குமாரியும் மீனவர் மகளும் தோளோடு தோள் நின்று சுட்டார்கள்! மனீஷாவின் தகப்பனார் மலிவான துப்பாக்கி ஒன்றைத் தேடி வாங்கியா இது நடந்தது? அன்று. மத்தியப் பிரதேச சர்க்கார் நடத்தும் சுடுதல் பயிற்சிக் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தது.

இதில்தான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. துப்பாக்கியின் விலை ஒருமுறைச் செலவு. தோட்டாவும் தட்டும் தினந்தோறும் கரையும் செலவு. நாளொன்றுக்கு நூறு தட்டுச் சுட்டால் நூறு தோட்டாவாவது தீரும். மலிவுத் துப்பாக்கி அந்தச் செலவில் ஒரு காசைக்கூடக் குறைக்காது. பொதுவான மைதானமும், பொதுவான துப்பாக்கியும், கண்டிப்பான ஆசிரியரும் இருந்தால் மட்டுமே முந்திரித் தோப்புப் பிள்ளைக்கும் வழி பிறக்கும்.

அத்தகைய மைதானம் நம் ஜில்லாவில் ஏற்பட்டால் ஒன்றை மறக்கக் கூடாது. ஈய ரவை நீர்நிலையில் விழுந்தால் பறவைகள் அதை இரையென்று விழுங்கி மடியும். 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரிக்கு எத்தனையோ தேசத்துப் பறவைகள் வருகின்றன. புறாவைக் காப்பாற்றப் பிறந்த விளையாட்டு வாத்தைக் கொல்வது தர்மமாகாது.

நண்பருக்கும் அவர் புதல்வருக்கும் இதையே கடிதமாக எழுதினோம். "துப்பாக்கி வாங்க வேண்டாம், முதலில் அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்றில் சேர்த்து, ஆசிரியர் முன்னிலையில் பழகச் செய்யுங்கள்" என்று முடித்திருந்தோம். பதில் தகப்பனாரிடமிருந்து வந்தது. பையனைச் சங்கத்துக்குத் தாமே அழைத்துப் போகப் போவதாக எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில், தமக்கும் ஒரு தடவை சுட்டுப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.