ரயில் கரைக்கு அடியில் தண்ணீர் போக வழி கேளுங்கள்

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் புதிய ரயில் பாதை. மாவட்டத் தலைநகருக்கு ரயில் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “கலெக்டர் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாங்க, அப்போ சொல்லிக்கலாம்” என்பவர்களைத்தான் பார்க்கிறேன். அந்தக் கூட்டம் நடக்காது. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலை உண்டு, விமான நிலையம் உண்டு, சுரங்கம் உண்டு. ரயில் பாதை இல்லை. அதனால் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை, கருத்துக்கேட்பும் தேவையில்லை.

கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகியிலும் மணிமுக்தாவிலும் வருகிறது. ஓடை ஓடையாக இறங்கி ஏரிகளை நிரப்புகிறது. அதன் குறுக்கே மண்கரை எழுந்தால் ஒரு பக்கம் வயல் மூழ்கும், மறு பக்கம் ஏரி காயும். கரைக்கும் ஆபத்துதான். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்து ரயில் கவிழ்ந்ததில் 140 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளம் ரயில் பாதையை அரித்து, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நடுவழியில் சிக்கினார்கள்.

இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 16. பாதை போடுவதற்கு முன் நிலத்துக்குத் தண்ணீர் எப்படித் தாராளமாக வந்து போனதோ, அப்படியே வந்து போகப் போதுமான சிறுபாலம், வாய்க்கால், வடிகாலை ரயில்வே தன் செலவில் கட்டித்தர வேண்டும். அதுவும் பாதை போடும்போதே, அல்லது போட்ட உடனே. எந்த அளவு போதும் என்று சொல்ல வேண்டியது மாநில அரசு. ஆகவே ரயில்வே பொறியாளரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு வந்தால் போதாது. மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத்துறை செயற்பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலை ரயில்வே கட்டுமானப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சர்வே எண், கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் ஓடை காட்டியிருக்கும் இடம், அந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது, எத்தனை ஏக்கர் பாசனம் என்று எழுதுங்கள். “சுற்றுச்சூழல் கெடும்” என்று பொதுவாக எழுதிய மனு எந்த மேசையிலும் நிற்காது.

அதே பிரிவில் இரண்டு பொறிகள். வாய்க்காலோ சிறுபாலமோ வேண்டாம், பணம் போதும் என்று கையெழுத்திட்டு இழப்பீடு வாங்கியிருந்தால் பிறகு கேட்க முடியாது. பாதை போக்குவரத்துக்குத் திறந்து 10 ஆண்டு கழிந்தாலும் புதிதாகக் கட்டித்தரும் கடமை ரயில்வேக்கு இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நில எடுப்பு அறிவிக்கை வந்தால் முதலில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். ரயில்வே சட்டம் 20ஏ என்றிருந்தால் ஆட்சேபம் சொல்ல 30 நாள்தான். 2013 நில எடுப்புச் சட்டம் பிரிவு 11 என்றிருந்தால் 60 நாள். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து கணக்கு. உங்கள் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அல்ல. அறிவிக்கையில் குறிப்பிட்டிருக்கும் அதிகாரியிடமே கொடுத்து, தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்ததை ஆட்சேபம் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: 30 நாள்.

கரைக்கு மண் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். சாலை, குழாய்ப் பாதை போன்ற திட்டங்களுக்கு மண் எடுக்க சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து 2020 மார்ச் 28 அன்று தரப்பட்ட கண்மூடித்தனமான விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று ரத்து செய்தது. லாரி ஓடினால், எந்த அனுமதி, எவ்வளவு கனமீட்டர் என்று 10 ரூபாய் கட்டணத்தில் கனிமவளத்துறைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மலைக்கு ரயில் வரவில்லை. ஆனாலும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஒரு வார்த்தை. பாதை, கால்வாய் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குக் காட்டு நிலத்தைக் கொடுக்க, பெரும்பாலும் கிராம சபையின் ஒப்புதல் கடிதம் வேண்டாம் என்று 2013 பிப்ரவரி 5 அன்றே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எழுதிவிட்டது. எனவே திட்டம் வரும்வரை காத்திருக்காமல், வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமைக்கு ‘பி’ படிவமும், காட்டு வளத்துக்கு ‘சி’ படிவமும் கிராம சபையில் இப்போதே நிறைவேற்றி, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பிவையுங்கள். உரிமைக் கோரிக்கையை விசாரித்து முடிக்காமல் யாரையும் வெளியேற்றக்கூடாது என்கிறது பிரிவு 4(5).

எதுவும் நடக்கவில்லையென்றால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள்.

அங்கேயும் ஆதாரம் கேட்பார்கள். இந்த ஐப்பசி மழையில் கரையோரம் போய், தண்ணீர் தேங்கும் இடத்தைத் தேதி தெரியப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு எழுதி வையுங்கள்.