கடை திறக்குமுன் இடத்தை ஆராய்க

வாழைக்கன்று நடுமுன் மண்ணையும் நீர்வசதியையும் பாராத விவசாயி களக்காட்டு வட்டாரத்தில் இல்லை. ஆனால் கடை என்று வரும்பொழுது, நிறுவனத்தின் பெயர் ஒன்றையே நம்பி, நகையை அடகு வைத்து முதல் போடுவோர் உளர். அங்கத்தினர்கள் இதனைச் சற்று நிதானமாக யோசித்தல் நலம்.

ஒரு நிறுவனத்தின் பெயரையும் சரக்கையும் கொண்டு, சொந்த முதலில், சொந்தப் பொறுப்பில் கடை நடத்துவதையே ‘பிரான்சைஸ்’ என்பர். 1973-இல் அமைந்த குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனை இணையத்தின் ‘அமுல்’ கடைகள் இதற்கு நல்ல உதாரணம். சிறு கடைக்கு 100 முதல் 150 சதுர அடி இடம் வேண்டும். அவ்விடத்தைத் தேடுவதும், சீர்செய்வதும், வாடகை கொடுப்பதும் கடைக்காரர் பொறுப்பே.

அவ்விணையம் வெளியிட்டு வந்துள்ள விவரப்படி, சராசரி இலாபம் பால் உறைக்கு நூற்றுக்கு இரண்டரை ரூபாய், பால் பண்டங்களுக்குப் பத்து, ஐஸ்கிரீமுக்கு இருபது. இதைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். வாடகை, மின்சாரம், ஆள் கூலி ஆகியவை மாதம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். சராசரி இலாபம் பத்தானால், செலவை ஈடுகட்டவே நாளொன்றுக்கு 5,000 ரூபாய் விற்பனை வேண்டும். ஆளுக்கு 50 ரூபாய் வீதம் 100 பேர் வாங்க வேண்டும். பால் உறை மட்டுமே விற்குமானால் 20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது 400 பேர். அதற்கு மேல் விற்பதே நமக்கு மிச்சம்.

ஆகவே, எத்தனை பேர் கடந்து செல்கின்றனர் என்பதோடு, எதை வாங்குவோர் என்பதும் கேள்வி. பேருந்து நிலையத்தில் கூட்டம் உண்டு. ஆனால் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் பேருந்தை எதிர்நோக்கி நிற்பவர் யாவரும் வாங்குபவர் அல்லர். தலையணை செல்லும் சாலையில் விடுமுறை நாட்களில் ஐஸ்கிரீம் விற்கும். வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதித்தால் அச்சாலை வெறிச்சோடும். வீடுகள் நெருங்கிய தெருவில் காலையில் பால் போகும்; மாலையில் என்ன போகும் என்பதைக் கண்டறிய வேண்டும்.

எனவே, குறித்த இடத்தில் சாதாரண நாள், விடுமுறை நாள், மழைநாள் ஆகிய மூன்றிலும் காலை முதல் இரவு வரை இருந்து எண்ணிப் பாருங்கள். அருகிலுள்ள கடைகளில் என்ன விற்கிறதென்று கவனியுங்கள். அங்கு முன்பு கடை வைத்து மூடியவர் இருப்பின், காரணத்தை அவரிடமே கேளுங்கள்.

“நல்ல இடம்” என்று நிறுவனத்தின் பிரதிநிதி சொல்வது உறுதிமொழி ஆகாது. விற்பனைத் தொகை எதுவும் சொன்னால், எழுத்தில் தரக் கேளுங்கள். அமெரிக்காவில் 1979 முதல், கையெழுத்துக்கு முன்னரே விவரப் பத்திரம் தரவேண்டும் என்ற விதி உண்டு. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பொதுவாக ஆள்கிறது. ஆதலின், அருகிலேயே இன்னொரு கடைக்கு உரிமை வழங்கலாமா, இடையில் விலகினால் முன்பணம் திரும்புமா என்பவற்றை ஒப்பந்தத்தில் படித்தறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

கணக்குத் தேறாத இடத்தை விட்டுத் திரும்புவது தோல்வியன்று. உழைத்துச் சேர்த்த முதலைக் காப்பதேயாகும்.