பிள்ளை வந்தபின் தைக்கும் மெத்தை

நம் கடற்கரை ஊர்களில் பிள்ளைக்குரிய படுக்கை, பிள்ளை பிறக்குமுன் ஆயத்தமாவது அரிது. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எவரேனும் தொட்டில் வாங்கி வைத்தால் முதிய பெண்கள் முகஞ்சுளிப்பர். சின்னஞ்சிறு சட்டை தைத்து வைப்பதும் ஆகாது. வலி கண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்ட பிறகுதான் வீட்டில் பெட்டி திறக்கப்படும். பழஞ்சேலைகளும் வேட்டிகளும் வெளியே வரும். ஊசியைத் தேடும் ஆரவாரம் தொடங்கும்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். குருக்களுள் சிலர் அவ்வாறு ஒதுக்குவதும் உண்டு. ஆயினும் இவ்வழக்கத்தைக் கற்பித்தவர்கள் யாவர்? பெற்ற பிள்ளைகளில் இருவரையோ மூவரையோ கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்த பாட்டிகள் அல்லரோ? வெறுந்தொட்டில் வீட்டின் நடுவே தொங்கக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் முன்கூட்டியே தைத்து வைக்காதது அன்பின் குறைவினால் அன்று, அச்சத்தினால்.

அந்த அச்சத்தின் காரணம் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கெனத் தமிழக அரசு 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. குழந்தைப் படுக்கையும் அவற்றுள் ஒன்று. எனினும் பழந்துணி மெத்தை வழக்கொழிந்து போகவில்லை. தாயும் சேயும் வீடு திரும்ப எடுக்கும் இரண்டு மூன்று நாள்களே அதைத் தைப்பதற்குக் கிடைக்கும் அவகாசம். அது போதும்.

முதலில் துணி. பலமுறை துவைத்து நைந்த பருத்தியே வேண்டும். தேய்ந்த துணிதான் பச்சை உடம்பை உறுத்தாது, ஈரத்தையும் உடனே உறிஞ்சும். கிழிந்த பகுதியையும் சரிகைக் கரையையும் வெட்டி நீக்கிவிடுக. அடுத்தது தண்ணீர். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் உப்புநீர்தான். உப்பு தங்கிய துணி வெயிலில் உலர்ந்தாலும் கடற்காற்று பட்டதும் மீண்டும் பிசுபிசுக்கும். எனவே கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்க. குடிநீருக்குக் குடம் சுமக்கும் வீட்டில் இதைச் சொல்வது எளிதன்று. ஆயினும் இந்த ஒரு குடத்தில் சிக்கனம் வேண்டாம்.

இரண்டு முழ நீளம், ஒன்றரை முழ அகலம் போதுமானது. நான்கு மடிப்புத் துணியைச் சுருக்கமின்றி அடுக்கி, முதலில் நீண்ட தையலால் நூலோட்டிக்கொள்க. பிறகு விரற்கடை இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல் போடுக. ஒருத்தி தனியாகத் தைத்தால் இரண்டு இரவு பிடிக்கும். பாட்டி, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி எனப் பக்கத்துக்கு ஒருவராக நால்வர் அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும். பஞ்சு திணிக்க வேண்டியதில்லை. நம் வெப்பத்துக்கு அது மிகை. பனையோலைப் பாயின் முடைச்சல் முதுகில் அழுந்தாமல் காத்தாலே போதும். முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பார்த்துப் பெட்டியில் வையுங்கள்.

இக்கைத்திறன் நமக்கு மட்டும் உரியதன்று. வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைப்பதைக் காந்தா என்பர்; நம் 'கந்தை' என்னும் சொல்லும் அதன் உறவே. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்துக் காட்டூர்களில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. அப்பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்து வருவர். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் 'பூ' வைத்தால்தான் போர்வை நிறைவுறுமாம். சிலர் நடுவிலுள்ள ஒட்டின் அடியில் சில அரிசி மணிகளை வைத்துத் தைப்பதுமுண்டு. போர்வையின் வயிறும் நிறைந்திருக்க வேண்டுமாம்!

லூக்கா நற்செய்தியாளர் பெத்லகேம் பிறப்பைச் சொல்லும்போது, தீவனத் தொட்டியோடு குழந்தையைச் சுற்றிய துணிகளையும் குறிப்பிட மறக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்த தாய்க்குத் துணி எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று நம் பெண்களைக் கேட்டால், தயங்காமல் விடை சொல்வர்: உடுத்தியதில் கிழித்திருப்பாள்.

இன்றைய தாய் உடுத்தியதில் கிழித்தால் என்ன கிடைக்கும்? இதுதான் கவலைக்குரியது. நம் மாவட்டத்துப் பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் நெய்த பருத்திச் சேலைகள் ஒரு காலத்தில் வீட்டுக்கு நான்கைந்தேனும் இருந்தன. பிறகு நைலக்சு வந்தது, பாலியெஸ்டர் வந்தது. துவைக்க எளிது, இஸ்திரி வேண்டாம் என்று பெட்டி முழுதும் அவையே நிறைந்தன. அவை ஈரத்தை உறிஞ்சா; அடியில் விரித்தால் பிள்ளை தன் வியர்வையிலும் சிறுநீரிலுமே கிடக்கும். பழம்பருத்தி இல்லையெனில் புதிய மல் துணியை வாங்கி நான்கைந்து முறை துவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் பாட்டியர் மறைந்ததும் அவர்களுடைய சேலைகளை மூட்டைகட்டிப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடும் வீடுகளைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. இரண்டையாவது எடுத்து வைத்தால் என்ன?

இன்னொன்றையும் பாட்டிமார் பொறுத்தருளிக் கேட்க வேண்டும். இம்மெத்தை பிள்ளையின் அடியில் விரிப்பதற்கே; மேலே போர்த்துவதற்கு அன்று. ஓராண்டு நிரம்பாத குழந்தையின் அருகில் தளர்ந்த போர்வையும் தலையணையும் இருந்தால் முகத்தை மூடி மூச்சு முட்டும் ஆபத்துண்டு என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். சமதளத்தில் மல்லாந்து கிடத்துவதே நலம். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையாயின், அதற்கு முதல் மெத்தை தாயின் மார்பே. கொலம்பியாவின் பொகோத்தா நகர மருத்துவர்கள் 1978இல் தொடங்கிய இம்முறையை, பிறந்தவுடனேயே கைக்கொள்ளுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நாம் தைத்தது அதுவரை காத்திருக்கட்டும்.

தினமும் துவைக்கவேண்டி வருமாதலால் இரண்டு மெத்தைகளாகத் தைத்துக்கொள்வது நல்லது. ஒன்று வெயிலில் காயும்போது மற்றொன்று பாயில் கிடக்கும். ஐந்தாறு மாதத்தில் மேல்துணி நைந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு அதை மட்டும் பிரித்து வேறு துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது பாட்டியின் சேலையாகவே இருக்கட்டும்.