வீட்டுத் தோட்டத்தில் பனைக் குடும்பம் – 4: பெயர் தெரிந்து நடுவது

பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு வந்து சேர்வது அவற்றில் மிகச் சிறு பகுதிதான். அந்தச் சிலவற்றைப் பிரித்தறிவதிலேயே தடுமாற்றம் ஏற்படுகிறது. பிளாஸ்டிக் பையில் ஒரு முழ உயரத்தில் நிற்கும்போது ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில் பாம், பாட்டில் பாம் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்று மூன்று மாடியைத் தாண்டியிருக்கும். இன்னொன்று முதல் மாடியைக்கூட எட்டியிருக்காது. மாமரமோ கொய்யாவோ இடத்துக்குப் பெரிதாகிவிட்டால் கவாத்து செய்து சமாளிக்கலாம். ஒற்றைத் தண்டுப் பனை வகைகளில் அந்த வழி இல்லை. உச்சியில் இருப்பது ஒரே குருத்து. அதை வெட்டினால் மரம் போயிற்று. அதனால் பெயரை உறுதி செய்துகொண்ட பிறகே குழி வெட்ட வேண்டும்.

மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் ஒரு வளர்படலம் இருக்கிறது. தண்டு ஆண்டுதோறும் பருப்பதும், காயம் மூடுவதும் அதனால்தான். பனைக் குடும்பத்தில் இந்தப் படலம் கிடையாது. வெளிப்புறம் வைரம் பாய்ந்திருக்கும், உள்ளே சோறு இருக்கும். தொல்காப்பிய மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே புறத்தில் வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தில் வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தது. இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களில், புல்லும் மூங்கிலும் இருக்கும் பிரிவில்தான் வைக்கிறது. தென்னை ஏறுவதற்காக அரிவாளால் கொத்திய படிகள் முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருப்பதை எந்தத் தோப்பிலும் பார்க்கலாம். தொங்கும் தொட்டிக்காக அடித்த ஆணியின் துளையும் அப்படித்தான், ஒருநாளும் மூடாது.

அடையாளம் காண்பதில் முதல் வேலை, பனையல்லாதவற்றை ஒதுக்குவது. 'சேகோ பாம்' என்று விற்கப்படும் சைகஸ் பனையே அல்ல. பூக்காமல் விதை தரும் பழங்காலத் தாவரக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் விதை கடும் நச்சு உள்ளது, நாய் வளர்க்கும் வீடுகள் கவனிக்க வேண்டியது. ஓட்டல் வாசல்களில் விசிறியாக நிற்கும் 'டிராவலர்ஸ் பாம்' மடகாஸ்கரிலிருந்து வந்தது, வாழைக்கு நெருங்கிய உறவு. அடி பருத்த 'போனிடெயில் பாம்' மெக்சிகோ நாட்டுச் செடி. அதுவும் பனையில் சேராது.

அடுத்து ஓலை. பனைபோல விசிறியாக விரிந்ததா, தென்னைபோலச் சிறகாகக் கிழிந்ததா என்பது எடுத்த எடுப்பில் தெரிந்துவிடும். மூன்றாவது வகை ஒன்றே ஒன்று: கூந்தற்பனை. அதில் ஓலை இரண்டு முறை கிளைத்து, ஒவ்வொரு சிற்றிலையும் மீன் வால் வடிவில் நுனி கிழிந்திருக்கும். குடும்பம் முழுவதிலும் இப்படி இரட்டைச் சிறகாக ஓலை விடுவது இந்தப் பேரினம் மட்டுமே. இலங்கையில் இதைக் கித்துள் என்பார்கள். கித்துள் பாணியும் கருப்பட்டியும் இதன் பதநீரில் காய்ச்சுபவை. உச்சியில் முதல் பாளை விட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிப் பூத்து வந்து, கடைசிக் குலை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். வாங்குபவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

சிறகு ஓலைகளுக்குள் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பெரிய புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் முதலில் கேட்கின்றன. ஒரு சிற்றிலையை அது நடு மட்டையோடு சேரும் இடத்தில் பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். தென்னையிலும் கமுகிலும் அது கூரைபோல இரு பக்கமும் சரிந்து, நடு ஈர்க்கு மேலே மேடாக இருக்கும். ஈச்சையில் இதற்கு நேர்மாறு: ஈர்க்கு அடியில், இரு விளிம்பும் மேல்நோக்கி, தண்ணீர் நிற்கும் பள்ளம். ஈச்சையில் மட்டையின் அடிப்பக்கச் சிற்றிலைகள் முள்ளாகவும் மாறியிருக்கும். பள்ளமான மடிப்பும் முள்ளும் சேர்ந்திருந்தால் அது நாட்டு ஈச்சையானாலும், பேரீச்சையானாலும், தொட்டியில் வளர்க்கும் குள்ள ஈச்சையானாலும் ஈச்சைப் பேரினம் என்று முடிவுகட்டிவிடலாம். ஐந்து நொடி வேலை. ஆனால் நர்சரிச் சீட்டைவிட நம்பகமானது.

விசிறி ஓலைகளில் பார்க்க வேண்டியது காம்பு. பனையின் காம்பு விளிம்பில் கறுத்து, ரம்பப் பல்லாக ஓடும். கருக்கு மட்டை என்பது அதனால்தான். சீன விசிறிப் பனையான லிவிஸ்டோனாவில் முள் கொக்கிபோல் வளைந்திருக்கும், ஓலை நுனிகள் இரண்டாகப் பிளந்து தொங்கும். வாஷிங்டோனியாவின் ஓலை விளிம்பில் வெள்ளை நூல் இழைகள் பிரிந்து நிற்கும். மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா நீலச் சாம்பல் நிறத்தாலேயே தெரிந்துவிடும். காம்பும் ஓலையும் சேரும் இடத்தில் நாக்குபோல ஒரு மடல் துருத்தியிருக்கும்; அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் படம் எடுப்பவர்கள் அந்த இடத்தை நெருக்கமாக எடுத்துக்கொள்வது பயன்படும்.

சுவடிக்கு ஓலை தந்த சீதாளப் பனையும் இந்த விசிறிக் கூட்டத்தில்தான் வருகிறது. வளர்ந்த மரத்தின் ஓலை ஐந்து மீட்டர் அகலம் வரை போகும். முப்பது முதல் எண்பது வருடம் வரை வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பிரம்மாண்டமாகப் பூத்து, காய் பழுத்ததும் சாகும். கோயில் நந்தவனத்துக்கும் கல்லூரி வளாகத்துக்கும் ஏற்ற மரம். ஒரு கிரவுண்ட் மனையில் வைப்பது இரு தரப்புக்கும் அநியாயம்.

நகர வீடுகளில் அதிகம் நடப்படுவது வேறொரு கூட்டம். கமுகின் உச்சியில், தண்டுக்கும் ஓலைக்கும் நடுவே பச்சையாக, வழவழப்பாக ஒரு குழல் தெரியும். ஓலைகளின் அடிமடல்கள் ஒன்றையொன்று சுற்றி இறுகி அமைவது அது. பழுத்த ஓலை விழும்போது கூடவே கழன்று வரும் அந்த மடல்தான் பாக்குமட்டைத் தட்டாகப் பந்திக்கு வருகிறது. ராயல், ஃபாக்ஸ்டெயில், பாட்டில், ஸ்பிண்டில், மணிலா பாம் எல்லாவற்றுக்கும் இந்தப் பச்சைக் குழல் உண்டு. தென்னைக்கும் ஈச்சைக்கும் இல்லை. பழுத்த ஓலையைத் தானே கழற்றிவிடுவதால் இவற்றைச் சுத்தம் செய்ய ஏற வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்துக்குள் குழப்பம் தீர்ப்பது சிற்றிலையின் நுனி. ராயல் பாமில் அது கூராக முடியும். ஃபாக்ஸ்டெயிலில் கடித்து எடுத்ததுபோல் ஒழுங்கற்று இருக்கும். வளர்ந்த பிறகு சிற்றிலைகள் நடு மட்டையைச் சுற்றி எல்லாத் திசையிலும் நீட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மெல்வில் மலைத்தொடரில் மட்டும் இயற்கையாக வளரும் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 1983இல்தான். பாட்டில் பாம் அடியில் பருத்து, ஒரே நேரத்தில் நான்கைந்து ஓலையோடு நிற்கும். ஸ்பிண்டில் பாம் நடுவில் பருக்கும். முன்னது மொரீஷியஸை ஒட்டிய ரவுண்ட் தீவுக்கும் பின்னது ரோட்ரிகஸ் தீவுக்கும் உரியவை. ரவுண்ட் தீவில் மனிதர்கள் கொண்டுவிட்ட ஆடும் முயலும் மேய்ந்ததில் பாட்டில் பாம் ஒருசில மரங்களாகச் சுருங்கியது. உலகெங்கும் வீட்டு வாசல்களில் சாதாரணமாக நிற்கும் மரம், சொந்த ஊரில் அருகிப்போனது.

கியூபாவின் தேசிய மரமான ராயல் பாம் இருபது மீட்டரைத் தாண்டும். அதன் ஓலை மடலோடு சேர்ந்து கனத்து விழும்; கீழே கார் நிறுத்தியிருந்தால் கண்ணாடி தப்புவது சந்தேகம். சாலையோரத்துக்கும் பெரிய வளாகத்துக்குமான இந்த மரத்தைச் சுற்றுச்சுவரிலிருந்து மூன்றடியில் வைப்பதுதான் நகரங்களில் அடிக்கடி காணப்படும் தவறு. சிறிய மனைக்கு மணிலா பாம், பாட்டில் பாம் போதும்; பதினைந்து அடி இடம் இருந்தால் ஃபாக்ஸ்டெயில். புதராக வேண்டுமென்றால் அரிகா பாம். பெயர் அப்படியிருந்தாலும் அது கமுகு அல்ல, மடகாஸ்கர் இனம். அதன் தண்டுகள் மஞ்சளாக, மூங்கில்போல் கணு கணுவாக இருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பட்டால் நுனி கருகும். வெயிலே படாத வராந்தாவுக்கு ராபிஸ் என்னும் சிறு விசிறிப் பனை ஏற்றது.

விதையிலிருந்து வளர்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது விதையின் புதுமை. பெரும்பாலான பனை விதைகள் காய்ந்தால் உயிர் விட்டுவிடும். பழுத்த பழத்தின் சதையை முழுவதும் நீக்கிக் கழுவி, ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த கலவையில் விதை மறையும் அளவுக்கு மட்டும் புதைத்தால் போதும். கூந்தற்பனைப் பழத்தைக் கையுறை இல்லாமல் பிசையக் கூடாது. சதையில் இருக்கும் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் தோலில் ஏறினால் அரிப்பு நெடுநேரம் அடங்காது. முளைப்பதற்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும் என்பதால் தமிழ்நாட்டுக் கோடை விதைப்புக்கு உகந்த காலம். அரிகா பாம் ஒன்றிரண்டு மாதத்தில் முளைக்கும். ஃபாக்ஸ்டெயிலில் சில விதைகள் மூன்று மாதத்திலும் சில ஒரு வருடம் கழித்தும் முளைக்கும்; முளைக்கவில்லையே என்று கலவையைக் கொட்டிவிடுவது அவசரம்.

முளைக்கும் விதமும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. தேங்காயிலும் பாக்கிலும் குருத்து காயை ஒட்டியே மேலே வரும். பனங்கொட்டையில் முளை முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து நீளும் வித்திலைக் காம்பு நாற்றை மண்ணுக்குள் ஆழமாகக் கொண்டு இறக்கும். அங்கே மாவுச்சத்து ஏறித் தடிப்பதே பனங்கிழங்கு. வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள் இருந்துகொண்டு பருப்பை உறிஞ்சி, பஞ்சாக ஊதும். தவுண் என்றும் யாழ்ப்பாணத்தில் பூரான் என்றும் பிள்ளைகள் பிளந்து தின்பது அதைத்தான். தேங்காய்ப்பூவும் இதே உறுப்பு. பனை, பிஸ்மார்க்கியா இரண்டும் இப்படி ஆழம் தேடுபவை. இவற்றைத் தட்டையான தட்டில் விதைத்துப் பிடுங்கி நடுவதைவிட, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது மேல். பிஸ்மார்க்கியா வேர் கலைந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

நாற்று முதல் சில வருடங்கள் உயராது. தண்டு தன் முழுப் பருமனை மண் மட்டத்தில் அடைந்த பிறகுதான் மேலே எழும். அந்தக் காலத்தில் தண்ணீரும் உரமும் குறைந்தால் தண்டு ஒடுங்கிவிடும்; பிற்பாடு எவ்வளவு ஊட்டினாலும் அந்த ஒடுக்கம் மாறாது. நடும்போது பையில் இருந்த மண் மட்டமும் தரை மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். தென்னைக்கு ஆழக்குழி எடுத்து மெல்ல மெல்ல மூடும் வழக்கத்தை அழகுப் பனைகளுக்கு நீட்டிக்கத் தேவையில்லை.

உரக் குறை எது என்பதை ஓலையே சொல்லும். எந்த ஓலை என்று பார்க்கத் தெரிந்தால் போதும். முதிர்ந்த ஓலைகளில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றி நுனி கருகினால் சாம்பல் சத்துக் குறை. முதிர்ந்த ஓலையின் நடு பச்சையாகவும் விளிம்பு எலுமிச்சை மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். இளங்குருத்து சுருண்டு கருகினால் மாங்கனீஸ். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ராயல் பாமுக்கு இது அடிக்கடி வரும். குருத்தோலை விரியாமல் மடிந்து, நுனி கொக்கியாக வளைந்தால் போரான். போராக்ஸ் வளர்ந்த தென்னைக்கே வருடத்துக்கு 50 கிராம்தான். சிறு செடிக்குக் கைப்பிடியாகப் போட்டால் நஞ்சாகிவிடும். சாம்பல் சத்துக் குறை உள்ள மரத்தில் மஞ்சள் ஓலையை அழகுக்காக வெட்டுவதும் கெடுதல். மரம் அந்தப் பழைய ஓலையிலிருந்துதான் சத்தை இழுத்துக் குருத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பச்சை மட்டையை வெட்டக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெட்டுவாயிலிருந்து வரும் வாசனை சிவப்புக் கூன்வண்டை இழுக்கும். அதன் புழு தண்டுக்குள் குடைந்து முடிக்கும் வரை வெளியே எதுவும் தெரியாது. காண்டாமிருக வண்டின் வேலை அப்படி மறைந்திருக்காது. விரிந்த ஓலையில் கத்தரித்ததுபோல் முக்கோண வெட்டுகள் காணப்படும். அது முட்டையிடுவது மக்கும் எருக்குழியில், ஆகவே குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவது மருந்தைவிடப் பயன் தரும். குருத்தைச் சுற்றிய ஓலை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை இரு பங்கு மணலோடு கலந்து இடுவது தென்னையில் பழகிய முறை. அழகுப் பனைகளுக்கும் செய்யலாம். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது அழகுப் பனைகளிலும் ஏறுகிறது. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளைச் சுருளும், கீழ் ஓலைகளில் கரும்பூசணமும் படிந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து சாகும்.

மழைக்காலத்தில் வரும் குருத்தழுகலைத்தான் உடனே கவனிக்க வேண்டும். நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் கையோடு வந்து, அடியில் நாற்றம் அடிக்கும். தொடக்கத்திலேயே கண்டால் அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துப் போர்டோ பசை தடவி, மழைநீர் இறங்காமல் மூடிவைத்துக் காப்பாற்றலாம். அழுகல் குருத்தின் அடிவரை இறங்கிவிட்டால் அந்த மரம் மீண்டும் ஓலை விடாது; அதை வெட்டி எரித்துவிடுவதே பக்கத்து மரங்களுக்குப் பாதுகாப்பு.